செல்வி வேண்டாமென்ற வேலை

செவ்வாய், இரவு

ஏழைகளுக்கு மட்டும் வாடகைக்கு விடுவதால்தான் பெங்களூரு ஹெப்பாளில் நான் கவனித்துக்கொள்ளும் குடியிருப்புக்குச் சொத்து வரி இல்லை. குடியிருப்பவர் சம்பளம் வரம்பைத் தாண்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஃபேக்டரியில் மெஷின் ஓட்டும் மாடி வீட்டுச் செல்விக்கு அங்கேயே சூப்பர்வைசர் வேலை கிடைத்ததும், காலையில் இந்த விதியைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

“அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டேன் அக்கா.”

“ஏன்டி அவசரப்பட்டே?”

“வெளிய இருக்கிற வாடகைக்கு அந்தச் சம்பளமும் பத்தாது. பாப்பா ஸ்கூலும் இங்கதானே.”

குடியிருப்பின் ஓனருக்கு போனில் சொன்னேன். “நல்லதாப் போச்சு, வரித் தொல்லை இல்ல” என்றார்.

அவருக்கு நல்லதுதான். இத்தனை வருஷம் மெஷின் முன்னால் நின்றவளுக்கு? நாளைக்குப் படியில் எதிர்ப்பட்டால் அவளிடம் என்ன பேசுவேன், தெரியவில்லை.