எட்டு மில்லிமீட்டர்

தாவ்யுவான்
ஜூன் 8, ஞாயிறு மாலை

அன்பு மகள் ஷின்-யூவுக்கு அப்பா எழுதுவது.

மார்ச் ஆறாம் தேதி காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு அந்தச் செய்தி என் போனுக்கு வந்தது, நான் பார்த்தது பன்னிரண்டு இருபதுக்கு. இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சோதனைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் நாற்பது பவர் சப்ளைகளைச் சூட்டறையில் வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன், நாற்பதும் தேறின. வெளியே வந்து பார்த்தால் சித்தி ஆறு முறை கூப்பிட்டிருக்கிறாள், பிறகு எழுதியும் இருக்கிறாள், அக்கா தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, போய்விட்டாள் என்று. நலம் விசாரித்துத் தொடங்க வேண்டிய கடிதத்தை இப்படித் தொடங்கிவிட்டேன், மன்னித்துக்கொள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், இந்த மூன்றையும் சேர்த்து நலம் என்று வைத்துக்கொள். உன் இருமல் விட்டதா, ரோட்டர்டாம் மழையில் தலை நனையாமல் இருக்கிறாயா என்பதுதான் என் கவலை. இங்கே மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், இரண்டு போய்விட்டன, மற்றவை இருக்கின்றன. அலுவலகத்தில் ஒருவர் தோளில் தட்டி, "நாப்பத்திரண்டு தானே ஆகுது, வயசு இருக்குப்பா உனக்கு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். அன்றைக்குச் சித்தியின் அழைப்புகளுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு வந்தது, பெய்-ரோங் ஒரு படம் அனுப்பியிருக்கிறார் என்று, உன் அம்மா அனுப்பிய கடைசிச் செய்தி. அதை நான் திறக்கவில்லை. திறந்தால் அவள் பக்கத்தில், அந்தப் படத்துக்கு அருகே, படித்தாயிற்று என்ற குறி விழும். அது எங்கேயோ ஒரு கட்டடத்தில் இருக்கும் எந்திரம் எழுதுகிற சொல், அவ்வளவுதான், இது தெரியாதவனா நான், ஆனாலும் கை போகவில்லை. அந்தச் செயலியைத் திறந்தாலே அவள் பெயர்தான் மேலே நிற்கிறது, விரல் தவறிப் பட்டுவிடுமோ என்று மூன்று மாதமாக யாருக்கும் அதில் எழுதுவதில்லை. அம்மாவின் போனை அவள் படத்துக்கு முன்னால் வைத்து, தினமும் சார்ஜ் போடுகிறேன்.

அது என்ன படம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்ட கம்ப்யூட்டர். சனிக்கிழமைதோறும் உன்னோடு இணையத்தில் விளையாட அவள் உட்கார்ந்தது எங்கள் ஆபீசில் கழித்துப்போட்ட பழைய பெட்டியின் முன்னால், சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் அது உறைந்துபோகும், "என் பொண்ணு அங்க தனியா அடி வாங்கறா, நான் இங்க சிலையா நிக்கறேன்" என்று மேசையைத் தட்டுவாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று, அதுவும் உயர்ந்ததாக, ஒவ்வொரு பாகமும் தானே தேர்ந்து செய்யப்போகிறேன் என்று மூன்று வாரமாகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். "ஊர்ல உள்ள பெட்டியெல்லாம் சோதிக்கிறீங்க, பொண்டாட்டி பெட்டிய ஒரு நிமிஷம் பார்க்க முடியல" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்பேன். மூன்று ஞாயிறு வந்து போயின.

வரும் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு நூறாவது நாள். மறு உலகில் அவளுக்குப் போய்ச் சேரட்டும் என்று நாற்பத்தொன்பதாம் நாள் எரித்த காகித வீட்டைப் பற்றிச் சித்திக்குக் குறை, "மாடி, கார், வேலைக்காரி, எல்லாம் இருந்துச்சு மாமா, அக்காவுக்குப் பிடிச்சது ஒண்ணு இருந்துச்சா சொல்லுங்க" என்றாள். அது சரிதான் என்று பட்டது. போன வாரம் காகிதக்கடை கோ அம்மாவிடம் போய் விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று செய்ய வேண்டும் என்றேன். ஆல்பத்தைப் புரட்டி மூன்று பெட்டி காட்டினார், மூன்றும் வெறும் கூடு, மேலே வண்ண விளக்கு வரைந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லையே, எப்படி ஓடும் என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முப்பது வருஷமா கார் செஞ்சு எரிக்கிறேன் சார், ஒருத்தர் கூட இஞ்சின் எங்கன்னு கேட்டதில்ல" என்றார். என் மனைவி கேட்பாள் என்றேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சரி, என்னென்ன பாகம், என்ன அளவு, எழுதிட்டு வாங்க, குத்துமதிப்பு எல்லாம் வேணாம், மில்லிமீட்டர்ல வேணும், அவங்க முழுப் பேரும் விலாசமும் வேணும், இல்லாட்டி வழியில வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

அதனால்தான் நேற்று உன்னைக் கூப்பிட்டு உன்னிடம் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். உன்னிடம் இருப்பது பழையது, கடைசியில் அம்மா நிறைய மாற்றிவிட்டாள், மாற்றியதை அப்பாவுக்கு அனுப்புகிறேன் என்றாள், அதைப் பாருங்கள் என்றாய். நான் பேச்சை மாற்றியதும் உனக்குப் புரிந்துவிட்டது. "மூணு மாசமா திறக்கவே இல்லையாப்பா? அம்மாவ வாசல்லயே நிக்க வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். அப்புறம் நீ அழுதாய், நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். நீ கோபித்துக்கொண்டாய் என்று வருத்தமில்லை. வாசல் என்ற அந்த வார்த்தைதான் இரவெல்லாம் காதில் இருந்தது.

இன்று காலை சோயாப் பால் குடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்து திறந்தேன். ஆஸ்பத்திரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கையால் எழுதிப் படம் பிடித்திருக்கிறாள். பிராசஸர், மதர்போர்டு, ரேம், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, யாரிடம் கேட்டுக் கற்றாளோ, ரேமை எந்தத் துளையில் செருக வேண்டும் என்பது வரை குறித்திருக்கிறாள். பவர் சப்ளை எங்கள் தொழிற்சாலையுடையது, ஆயிரத்து இருநூறு வாட், தேவைக்கு மேல், எனக்கு மரியாதை செய்திருக்கிறாள். அடியில் எழுதியிருந்தது, "எஞ்சினியர் ஐயா, இது ஓடுமா? ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை போதும், கதை சொல்ல வேண்டாம்." நான் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தின் அளவுத்தாளையும் தேடி எடுத்துச் சரிபார்த்தேன். ஒரே ஒரு தப்பு. அவள் தேர்ந்த கிராபிக்ஸ் கார்டின் நீளம் முந்நூற்று முப்பத்தெட்டு. அவள் தேர்ந்த வெள்ளை கேபினெட்டில், முன்னால் சூடு தணிக்கும் ரேடியேட்டரை மாட்டிய பிறகு மிச்சம் இருக்கும் இடம் முந்நூற்று முப்பது. எட்டு மில்லிமீட்டர் இடிக்கும். எல்லாவற்றையும் வாங்கி வந்து, பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பிவைத்து, கடைசியில் கார்டை உள்ளே விடப்போகும்போதுதான் தெரிந்திருக்கும். கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது, கடிகாரத்தைப் பார்த்தேன், நான்குதான். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் அந்த நான்கு நிமிடம் என்னிடம் இல்லை.

மதியம் கோ அம்மாவிடம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன், அதே வெள்ளை, ஆனால் ஒரு அளவு பெரிய கேபினெட். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "எட்டு மில்லிக்கா சார்? எரியறப்ப எல்லாம் தானா சுருங்கிடுமே" என்றார். நான் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. பிறகு தானாகவே, எங்கள் சோதனைக்கூடத்தில் எந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க ஒரு நம்பிக்கைக்கு மேலே வைப்போமே அந்தப் பச்சைத் தின்பண்டப் பொட்டலம், அதைப் போல ஒன்று காகிதத்தில் செய்து உச்சியில் ஒட்டித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை நெருப்பைச் சுற்றிச் சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம், மற்ற ஆவிகள் உள்ளே கை நீட்டாமல் இருக்க. சித்தி, சித்தப்பா, நான், மூன்று பேர்தான். நீ நிற்க வேண்டிய பக்கத்துக் கயிற்றையும் நானே பிடித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவள் கேள்விக்குப் பதில் எழுதினேன். முதலில் ஓடாது என்று தொடங்கினேன், அழித்துவிட்டேன். ஓடும், கேபினெட்டை மட்டும் மாற்றிவிட்டேன், மற்ற எல்லாம் சரி, நன்றாகத் தேர்ந்திருக்கிறாய் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியதும் அம்மாவின் போன் அவள் படத்துக்கு முன்னால் ஒரு முறை அதிர்ந்தது. அவ்வளவுதான். அது அதிரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியும், ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் என் திரையைப் பார்க்கத் தொடங்கினேன். என் பதிலுக்கு அருகே படித்தாயிற்று என்று வருகிறதா என்று. வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுப்பில் வைத்த நூடுல்ஸ் கூழாகிவிட்டது.

ஷின், ஒன்று மட்டும் கேட்கிறேன். விளையாட்டுக்குள் நுழைவதற்காக அந்தச் செயலியில் அம்மாவின் கணக்கை உன் மடிக்கணினியிலும் திறந்துவைத்திருந்தாயே, அது இன்னும் அப்படியே இருந்தால் என் பதிலைத் தொடாதே. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ திறந்துவிட்டிருந்தால், திறந்தேன் என்று என்னிடம் சொல்லிவிடாதே. உன் மேல் வருத்தமில்லை. யார் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள இப்போது எனக்குச் சக்தியில்லை, அவ்வளவுதான்.

தேர்வுக்கு முன்னால் வயிற்றைக் காயப்போடாதே, சைக்கிளை இரண்டு பூட்டுப் போட்டு நிறுத்து, இருமல் ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார். சனிக்கிழமை விளையாட்டை நிறுத்த வேண்டாம், வேறு யாரோடாவது ஆடு. நீ நல்லபடியாகப் படித்து முடித்து, கைகால் சுகத்தோடு, மனம் கலங்காமல் இருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் சொல்வாள், இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. வெள்ளிக்கிழமை முடிந்த பிறகு சித்தி வீட்டுத் தொலைபேசியிலிருந்து நானே கூப்பிடுகிறேன், அதுவரை கூப்பிட்டுப் பார்த்துப் பயந்துவிடாதே, போனை அணைத்துவிட்டேன், அதற்காகவே இதை நாளைக் காலை விரைவுக் கூரியரில் போடுகிறேன்.

உன் அப்பா,
சியூ வெய்-செங்