பன்றி விரட்ட வந்தவர்கள் கேட்ட கச்சேரி

என் அருமை மாப்பிள்ளை அருளப்பனுக்கு, பூமிக்கு மேலே இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உன் மச்சான் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உனக்கு வருஷப் பூசை வைத்தோம். அதில் நான் தூங்கிவிட்டேன். தூங்கினதுகூடப் பரவாயில்லை, குறட்டை விட்டேனாம். உன் பெயரை வாசிக்க வந்த பங்குச் சாமியார், சத்தம் அடங்கட்டும் என்று காத்து நின்றாராம். உன் பெண்சாதி லூர்து, என் கூடப் பிறந்த தங்கச்சி, முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள். உனக்காக அன்றைக்குக் கண் கலங்கினவர்கள் நிறையப் பேர். அடி வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு, கோயில் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடு என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு எங்கே தொடங்குவது என்பதே தெரியாது, எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? ஆகையால் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

சண்டை இன்னும் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன். இத்தனைக்கும் கீழே படவேட்டில் கரும்பு ஆள் உயரம் நிற்கிறது. மலைமேல் ஜமுனாமரத்தூர் காப்பி கிளப்பில் வெல்லம் போட்டுத்தான் காப்பி. ரங்கசாமி முதலாளி அதற்குச் சண்டைக் காப்பி என்று பேர் வைத்திருக்கிறார். குடித்துவிட்டு முகம் சுளித்தால், "எனுக்கு இன்னா தெரியும், போய் ஹிட்லரக் கேளு" என்கிறார்.

அந்தக் கிளப்புக்குப் பின்னால் இருக்கும் புளிக் கிடங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன்னுடைய அந்த முதல் கச்சேரிதான் ஞாபகம் வரும். உனக்கு அங்கே அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? இருக்காதென்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நீ வாசித்துக்கொண்டிருந்த நாடகக் கம்பெனி கலைந்துபோன வருஷம் அது. அடிவாரத்தில் விதைத்த மல்லாட்டையும் காய்ந்துவிட்டது. அடுத்த வீட்டுச் சின்னப்பன் குடும்பத்தோடு கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கிளம்பத் தயாரானான். உனக்கும் அங்கே வேலை பேசி வைத்திருந்தான். நீயோ கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க இறங்கச் சொன்னால்கூட ஜுரம் வந்து படுக்கிறவன். "பூமிக்குள்ள போய் நான் இன்னா மச்சான் பண்ணுவேன்?" என்று என்னைக் கேட்டாய். "தங்கம் எடுப்பே" என்றேன். அன்றைக்கு முழுவதும் நீ என்னோடு பேசவில்லை.

கடைசியாக ரங்கசாமி முதலாளிதான் ஒரு வழி சொன்னார். சந்தை கலைந்ததும் மலை ஜனம் ஊருக்குப் போய்விடுகிறது, சாயங்காலம் கிளப்பில் ஈ ஓட்ட வேண்டியிருக்கிறது என்பது அவர் கவலை. "கிடங்குல ஒரு நாள் வாசி. காஸ் லைட்டு மங்குற வரிக்கும் ஜனம் குந்தியிருந்தா ஒவ்வொரு சந்தைக்கும் நீதான். எழுந்து போயிட்டா நீயும் போயிடு" என்றார்.

நீ ஆர்மோனியம், நான் டோலக். மலை ஏறுவதற்குள் மழை நனைத்து, டோலக்கின் தோல் ஊறின அப்பளம் மாதிரி தொய்ந்துவிட்டது. தட்டினால் சத்தம் வரவில்லை. முதலாளி ஒரு காலி எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, டின் வெளியே தெரிந்தால் கிளப்புக்குக் கேவலம் என்று என்னைப் புளி மூட்டைகளுக்குப் பின்னால், பின்கதவு ஓரமாக உட்கார வைத்தார். எனக்கு ஜனம் தெரியாது, ஜனத்துக்கு நான் தெரியாது. நீ பாடுவது மட்டும் கேட்கும்.

முதல் பாட்டில் மெதுவாகத் தட்டினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாட்டில் நீ வேகம் எடுத்தாய், நானும் எடுத்தேன். டின் கணகணவென்று பேசியது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் மாப்பிள்ளை. இந்த அடிக்கு மலையே எழுந்து ஆடும் என்று நினைத்தேன்.

மலை எழுந்துதான் விட்டது. ஆடத்தான் இல்லை.

மேலே சாமை முற்றுகிற மாதத்தில் டின் அடித்தால் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது என்று அர்த்தம். யார் கொல்லையாக இருந்தாலும் சத்தம் கேட்டவன் தடியோடு ஓடியாக வேண்டும். ஓடாதவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அங்கிருந்து எடுக்கவும் மாட்டார்கள். அடிவாரத்துக்காரர்களான நமக்கு இது எங்கே தெரியும்? கிடங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழுந்து வெளியே ஓடினார்கள்.

உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. முதலாளி பார்த்திருக்கிறார். வெறும் பாயைப் பார்த்தபடி, "கோலாருதான்" என்று நீ சொன்னாயாம். சொல்லிவிட்டு ஆர்மோனியத்தை மூடினாயாம். நான் அது தெரியாமல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன். உன் சத்தம் நின்றதும், மாப்பிள்ளை எனக்கு இடம் விடுகிறான் என்று எண்ணி இன்னும் பலமாக அடித்தேன்.

அதற்குள் பக்கத்து ஊர்களிலும் டின் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொல்லையில் காவல் இருந்தவர்கள், வீட்டில் களி தின்றுகொண்டிருந்தவர்கள், எல்லோரும் பந்தத்தோடு இறங்கி வந்தார்கள். வந்து கேட்டால் சத்தம் கிடங்குக்குள்ளிருந்து வருகிறது. பன்றி உள்ளே மாட்டிக்கொண்டது என்று கிடங்கைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

பின்கதவை உதைத்துத் திறந்தவர் அந்த ஊர்த் தலைவரான கவுண்டர். கையில் என் தொடை கனத்துக்கு ஒரு தடி.

"எங்கடா பன்னி?"

நான் வாய் திறப்பதற்குள் நீ ஓடி வந்தாய். "பன்னி இல்லீங்க கவுண்டரே. இது என் மச்சான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார். வெளியே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. இத்தனை வருஷம் நான் உன்னைக் கேலி செய்ததற்கெல்லாம் கவுண்டரின் அந்த ஒரு கேள்வியே உனக்காக வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டது.

ஆனால் கவுண்டர் சிரிக்கவில்லை. "டின்னு அடிச்சி கூப்ட்டா, ஓடியாந்தவனுக்குக் கூழு ஊத்தணும். அதான் மலை வழக்கம். எங்க கூழு?" என்றார். முதலாளி ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

நீ கை கூப்பினாய். "கூழுக்கு நான் எங்க போவேங்க? எங்கிட்ட பாட்டுதான் கீது. போதும்னு நீங்க சொல்ற வரிக்கும் பாடறேன்."

கவுண்டர் தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிடங்கு பிதுங்கி, முற்றம் நிறைந்து, புளி மூட்டைகள் மேலெல்லாம் ஆள்.

அன்றைக்கு நீ பாடினது போல அதற்குப் பிறகும் பாடவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய். ஆனாலும் அதுதான் உண்மை. தாளம் கிடையாது, நான் கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை மாதாவுக்குப் பாடுவோமே, அந்த ராகத்தை நீ மெல்ல எடுத்தாய். மகனை இழந்தவள் புலம்புகிறாள் என்று சொல்லாமலே அவர்களுக்கு விளங்கியது. ஒரு பொம்பளை முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பந்தங்களை முற்றத்து மண்ணில் குத்தி அணைத்தார்கள். முதலாளி காப்பி ஆற்றி ஆற்றிக் கை ஓய்ந்தார். காஸ் லைட் மங்கி, சிவந்து, அணைந்தே போனது. ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. இருட்டுக்குள் கவுண்டர், "இன்னும் போதும்னு நான் சொல்லலியே" என்றார்.

முதலாளி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த சந்தைக்கு வந்துடு. மச்சான இட்டுக்கினு வராத" என்றார். சாகும் வரைக்கும் ஒவ்வொரு சந்தைக்கும் நீ வாசித்தாய். பூமிக்குள் ஒரே ஒரு தடவைதான் இறங்கினாய், அதுவும் போன வருஷம். அப்போது உனக்குக் கால் நடுங்கியிருக்காது என்று நம்புகிறேன்.

உன் மகள் ரெஜினா இப்போது கோயிலில் வாசிக்கிறாள். விரல் உன்னுடையது, வாய், நல்லவேளை, என்னுடையது. சந்தைக்கும் அவளை அனுப்பும்படி முதலாளி கேட்கிறார். என் முதுகு தாங்குகிற வரைக்கும் அந்தப் பெட்டியை நானே மலைக்குச் சுமந்து போவேன், அவளைப் பத்திரமாகக் கூட்டி வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நேற்று அவள், "ஏன் மாமா, நம்ம வூட்டு அம்மிக்கு மட்டும் குழவி வேற கல்லா கீது?" என்று கேட்டாள். சொன்னேன். நாம் மலையில் இருந்த அன்று, நீ தோற்றுத்தான் வருவாய் என்று லூர்துவுக்கு அத்தனை நம்பிக்கை. குண்டான், கரண்டி, பாய், அம்மிக் குழவி எல்லாவற்றையும் கோலாருக்கென்று மூட்டை கட்டி, தூக்க முடியாத அம்மியை மட்டும் விட்டுவிட்டுச் சின்னப்பன் வண்டியில் ஏற்றிவிட்டாள். காலையில் நாம் நல்ல செய்தியோடு இறங்கி வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. மூட்டை சேதமில்லாமல் கோலார் போய்ச் சேர்ந்ததாகச் சின்னப்பன் சொல்லி அனுப்பினான்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் அண்ணன், உன் மகளின் தாய்மாமன்,
அந்தோணி