எல்லா ஃபைலிலும் ஒரே பெயர்

12.9.2006, செவ்வாய்

திரையில் கம்பி மத்தாப்பை அழுத்தினால் சரவெடியின் எண்ணிக்கை ஏறியது. அதைத்தான் முதலில் பார்த்தேன். வெடிக் கம்பெனிக்கு நாங்கள் செய்யும் வெப்சைட், நாளைக் காலையில் காட்ட வேண்டியது.

நீளமாக இருந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலை வெடி வகைக்கு ஒரு ஃபைலாகப் பிரித்தது நான்தான். அம்மா வேலை பார்க்கும் பட்டாசுத் தொழிற்சாலையில் ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவாது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கணேசண்ணன் கத்தவில்லை. "எட்டாப்போட படிப்ப நிப்பாட்டுன புள்ளைய நம்பி ஆர்டர் வாங்குனேன் பாரு, என்னையச் சொல்லணும். நாளைக்கு நீ வர வேண்டாம் தாயி. சாத்தூர்லருந்து ஒருத்தர வரச் சொல்லிட்டேன்."

பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. எல்லா ஃபைலிலும் எண்ணிக்கைக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறேன். வெப்சைட் பக்கத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் கடைசி ஃபைல் மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறது. பெயர்களை மாற்றினால் போதும்.

அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் விடு. நாளைக்கே எங்கூட வெடி ஆபீசுக்கு வா" என்றாள்.

பிழை எங்கே என்று சொல்ல, பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் கணேசண்ணன் நம்பரைப் போட்டேன். "யாரு பேசுறீக?" இரண்டு தரம் கேட்டார். பெயரைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.