இரண்டாவது தம்ளர்

12 ஜனவரி 1988
நான் இயக்கும் புது நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பம். நியூயார்க்கில் எய்ட்ஸ் வந்து செத்துக்கொண்டிருக்கும் ஆண்களைப் பற்றிய அமெரிக்க நாடகம். அதில் இரண்டு மணி நேரமும் கத்துகிறார்கள். குளிர் நாட்டுக்காரர்களான எங்கள் கோத்தன்பர்க் நடிகர்களுக்கோ கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். மருத்துவராக வரும் சூல்வேய் ஒரு வசனத்தைக் கத்திவிட்டு, நோயாளி வேடம் போடும் ஹோகனிடம், "மன்னிச்சுக்கோ, காது வலிக்குதா?" என்றாள்.

19 ஜனவரி
அரங்கின் தலைவர் இங்வார் வந்து பார்த்தார். "மேடையில ஒரு அமெரிக்கக் கொடி வைக்கலாமே, குன்வோர். இங்க நடக்கிற கதைன்னு யாராவது நினைச்சிடப் போறாங்க."
"இங்கயும் நடக்குதே?"
"நடக்குது. ஆனா இங்க ஒழுங்கா நடக்குது."
கொடி வந்துவிட்டது.

2 பிப்ரவரி
காப்பி வேளையில் ஹோகன் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்தபடி எல்லோரிடமும் சொன்னான். அந்தக் கிருமி அவனுக்கும் இருக்கிறதாம். "உடம்பு தாங்குற வரைக்கும் இந்த வேஷம் என்னோடது. வேற எதுவும் கேக்கல." கட்டிப்பிடித்தார்கள். ஒரு தவறான சொல் இல்லை. பெருமையாக இருந்தது.

3 பிப்ரவரி
நாடகத்தில், யாரும் தொடப் பயப்படுகிற நோயாளி பாதி குடித்து வைத்த தண்ணீரை மருத்துவர் எடுத்துக் குடிக்கிறார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் இந்த நாடகத்தையே எடுத்தேன்.
இன்று சூல்வேய் தனியாக வந்தாள். "பக்கத்துல இன்னொரு தம்ளர் வெச்சு, நான் அதை எடுத்துக் குடிச்சா என்ன? பார்க்கிறவங்களுக்குத் தெரியாது."
"தம்ளர்ல ஒட்டாதுன்னு மேடையில தினமும் நீதானே சொல்ற?"
"சொல்றேன். வீட்ல குழந்தை இருக்கு, குன்வோர்."
கூட்டம் போட்டோம். ஹோகன் இல்லாமல். முடிவு ஒருமனதானது. ஒருமனது என்றால் — ஆமாம், என் கையும் மேலேதான் இருந்தது.

4 பிப்ரவரி
ஹோகன் மேசையிலிருந்த இரண்டு தம்ளரையும் பார்த்தான். "எனக்கு ரொம்பத் தாகம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

26 பிப்ரவரி
முதல் காட்சி. அரங்கமே அழுதது. கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் வரிசையில் ஒரு அம்மாள் கணவரிடம், "பாவம் அந்த அமெரிக்கக்காரங்க. நாம கொடுத்து வெச்சவங்க."

28 பிப்ரவரி
விமர்சகர் தம்ளர் காட்சியைத் துணிச்சலின் சிகரம் என்கிறார். இங்வார் அந்த விமர்சனத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் காப்பி அறையில் ஒட்டியிருக்கிறார்.

17 மார்ச்
ஹோகன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேடைக்கு வந்தான். முதல் தம்ளரில் பாதி குடித்தான். பிறகு, நாடகத்தில் இல்லாதபடி, இரண்டாவதிலும் பாதி. இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினான். சூல்வேய் ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. ஹோகன் என்னைவிடக் கிட்டே இருந்தான்.
கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

18 மார்ச்
ஹோகன் மருத்துவமனையில்.

19 மார்ச்
மாற்று நடிகன் நடித்தான். மேசையில் ஒரே தம்ளர். இரண்டாவதை எடுக்கச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லையாம். அவன் வைத்த மீதியைச் சூல்வேய் சொட்டு விடாமல் குடித்தாள்.

20 மார்ச்
ஹோகனைப் பார்க்கப் போனேன். "நேத்து அந்தக் காட்சி எப்படி?"
"நல்லா வந்துச்சு."
"எத்தனை தம்ளர்?"
"ரெண்டு," என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டான். கட்டிலருகே அவன் பாதி குடித்து வைத்த தண்ணீர் இருந்தது. எனக்கும் தாகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குடித்தேன்.