அலாரம் ஏன் அடிக்கலை?

இன்று காலை திருவாரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நடவுக்கு உழுது போட்டிருந்த வயல்களிலிருந்து சேற்று வாசனை வந்தது. உன் நினைவும் கூடவே வந்துவிட்டது.

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே உன் அப்பாவின் நிலத்தையும் விடாமல் பார்த்துக்கொண்ட சிநேகிதி நீ. ஞாயிற்றுக்கிழமையானால் வெறுங்காலோடு சேற்றில் இறங்கிவிடுவாய். சர்க்கரை இருக்கிறவள் காலில் காயம் படாமல் பார்த்துக்கொள் என்றால், "மண்ணு என்னடி பண்ணும்?" என்று சிரிப்பாய்.

அந்த ஐப்பசியில், விட்டு விட்டு வந்த காய்ச்சலோடு நான் வேலை பார்க்கும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாய். வெளியில் டைபாய்டு என்றும் டிபி என்றும் சொல்லியிருந்தார்கள். உன் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை அடையாளம் கண்டது எங்கள் நுண்ணுயிரியல் பிரிவு. மெலியோய்டோசிஸ். வயலின் ஈர மண்ணில் வாழும் பாக்டீரியா தரும் நோய். உன்னிடம் நானே வந்து சொன்னேன். கேட்டதும் நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"வெள்ளை அணு இதை முழுங்கிடாதா?"

"முழுங்கும். அதுக்குள்ளயே உக்காந்து இது பெருகும்."

"அப்ப உடம்புல அலாரம் ஏன் அடிக்கலை?"

வீட்டுக்குப் போய்க் கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு மறுநாள் வந்து சொன்னேன். நம் செல்லுக்குள் ஆபத்துச் செய்தி கைமாறிப் போவதற்குச் சின்னப் புரதத் துணுக்குகள் அடையாளமாக ஒட்டப்படவேண்டும். இந்தப் பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதம் அந்தத் துணுக்குகளைக் கழற்றிவிடுகிறது. செய்தி வழியிலேயே மங்கிப்போகிறது.

கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பார்த்தபடி யோசித்தாய். "கம்பியை அறுக்கலை. கனெக்‌ஷனை மட்டும் லூஸ் பண்ணுது. மூளையே இல்லாத ஒண்ணுக்கு இது எப்படிடி தெரிஞ்சுது?"

"தெரிஞ்சு செய்யலடி. அப்படி ஒரு புரதம் வாய்ச்சது பொழைச்சுது. வாய்க்காதது செத்துப்போச்சு."

"அந்தப் புரதத்தை மட்டும் எடுத்துட்டா?"

"அலாரம் பலமா அடிக்கும். ரொம்ப அடிச்சாலும் உடம்பு தாங்காது."

"அப்ப எவ்வளவு அடிச்சா சரி?"

கேட்டுவிட்டு, ஜெயித்துவிட்டவள் போல நீ படுத்துக்கொண்டாய்.

ஊசிகள் முடிந்து, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாய். ஒரு வேளைகூட நீ தவறவிடவில்லை. ஆனாலும் அடுத்த வருஷச் சம்பா அறுவடைக்குள் அது திரும்பி வந்தது. இந்த முறை அலாரம் மங்கலாக இல்லை. உடம்பே கொதித்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. "கிருமியைவிட இப்போ இவங்க உடம்போட எதிர்ப்புதான் உறுப்புகளைக் கெடுக்குது" என்றார் ஐ.சி.யூ. டாக்டர். வாயில் குழாயோடு கிடந்த உனக்கு அது கேட்டதா என்று தெரியாது. கேட்டிருந்தால், இன்னொரு கேள்வி உனக்குள் கிளம்பியிருக்கும். மறுநாள் மதியம் நீ போய்விட்டாய்.

முன்பெல்லாம் கிருமியின் பெயரை ரிப்போர்ட்டில் எழுதி அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். உனக்குப் பிறகு வார்டுக்கும் போகிறேன். பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் மன்னார்குடிப் பக்கம் நடவு வேலை செய்யும் ஒரு பெண், "இது எனக்குள்ள எங்கங்க ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.