பதினான்கு கிண்ணங்கள்

மார்ச் 9, திங்கள், இரவு

இன்று நான் வேலை செய்யும் உணவகம் பூட்டு. கார்ஜ் நகரத்து வீட்டிலேயே இருந்தேன். நானும் மகளும் போகவிருக்கும் ஜப்பான் பயணத்துக்கு அவள் ஒரு பழைய காலத்து விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறாள். பாய் விரித்த அறை. இரவுச் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து, முழந்தாளிட்டுப் பரிமாறுவார்களாம். படம் காட்டினாள். ஓர் ஆளுக்குப் பதினான்கு கிண்ணங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். எங்கள் இருவருக்கும் இருபத்தெட்டு. மெஷினில் போட முடியாது, கையால்தான் தேய்க்க வேண்டும்.

"உதெல்லாம் ஆர் கழுவுறது?" என்று கேட்டுவிட்டேன்.

பத்தொன்பது வருடமாக லா சப்பல் கடைத்தெரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்.

"சாப்பாடு தராத இடமாப் பார் பிள்ளை. வெளியிலை ஏதும் சாப்பிடுவம்" என்றேன்.

எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்பவள், இன்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு முன்னாலை ஒருத்தர் சாப்பாடு கொண்டுவந்து வைக்கக் கூடாதோ? அதுக்காகத்தான் இதைத் தேடி எடுத்தனான்."

தேத்தண்ணி குடித்த கப்பைக் கழுவ எழுந்து போனேன். குழாயைத் திறந்த பிறகுதான் கண்டேன், அவள் இன்னும் குடித்து முடிக்காத கப்பும் என் கையில் இருந்தது.