மிச்சமாக்கி வைத்த கேரட்

புதன், இரவு.

உழவர் சந்தையில் மிஞ்சுகிற காய்களை எங்கள் தொண்டுக் குழு எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்க, நகராட்சி நிதி தருகிறது. இன்று அதைப் பார்வையிட அதிகாரி வருவதாகப் பேச்சு. இன்றைக்கென்று பார்த்து எல்லாக் காயும் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது.

"மிச்சம் இல்லீன்னா நிதிய நிறுத்திப்போடுவாங்க. ரெண்டு மூட்டை எடுத்து வைங்க" என்றார் நகராட்சி எழுத்தர். ஒரு விவசாயியிடம் கெஞ்சிக் கேரட்டை ஒதுக்கினேன்.

நாங்கள் போகும் லயத்துப் பெண் ஒருத்தி பையை நீட்டினாள். "ஒரு கிலோ போடுங்க, காசு இருக்குதுங்க."

"இது விக்கறதுக்கில்லீங்க, மிச்சமுங்க."

நானேதான் சொன்னேன், கருமம்! அதிகாரியும் வரவில்லை. நாளை அதே மூட்டைகளை அவள் வாசலில் இலவசமாக இறக்க வேண்டும். கேரட்டை மறந்தாலும் என் முகத்தை அவள் மறந்திருக்க மாட்டாள்.